வறட்சியிலிருந்து துப்பாக்கி வரை: ‘காலநிலைப் போர்’ என்னும் வாதத்தின் வலுவும் வரம்பும்

1. கேள்வி

2007 ஜூன் 16 அன்று, அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி-மூன் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். சூடானின் தார்ஃபூர் பகுதியில் நடந்துகொண்டிருந்த கொடுமையை அரபு ஆயுதக் குழுக்களுக்கும் கறுப்பின விவசாயிகளுக்கும் இடையிலான சண்டையாகவே உலகம் அறிந்திருந்தது. அவரோ, அதன் தொடக்கம் ஒரு சூழலியல் நெருக்கடி என்றும், காலநிலை மாற்றத்துக்கும் அதில் பங்குண்டு என்றும் வாதிட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 17-இல், பிரிட்டனின் முன்முயற்சியால் ஐ.நா. பாதுகாப்பு அவை காலநிலை மாற்றத்தை முதன்முறையாக விவாதித்திருந்தது. அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசும் அல் கோருக்கும் ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவுக்கும் போனது. வானிலை அறிவியலாளர்களின் பேச்சாக இருந்தது படைத்தளபதிகளின் பேச்சாகவும் ஆகிவிட்டது.

‘காலநிலைப் போர்’ என்னும் வாதம் எளிமையானது. மழை பொய்க்கிறது, பயிர் கருகுகிறது, மக்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், போன இடத்தில் மோதல் வெடிக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நம்பத் தகுந்ததாக இருப்பதாலேயே சங்கிலி முழுவதையும் யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. இக்கட்டுரை அதை இழுத்துப் பார்க்கிறது. இவ்விவாதத்தில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் தார்ஃபூரும் சிரியாவும்தான் அதற்கான முதன்மைச் சான்றுகள். என் நிலைப்பாட்டை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வறட்சி மக்களை நலியவைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வறட்சியிலிருந்து துப்பாக்கிக்குப் போகும் பாதை அரசின் அலுவலகங்கள் வழியாகவே போகிறது. அந்த அலுவலகங்களை விட்டுவிட்டு வானத்தை மட்டும் சுட்டும் விளக்கம் அரைகுறையானது, ஆட்சியாளர்களுக்கு வசதியானதும்கூட.

‘பாதுகாப்பு’ என்றால் எல்லைக்காவல் மட்டுமல்ல என்னும் கருத்து இவ்விவாதத்துக்கு முன்பே வேரூன்றியது. மஹ்பூப் உல் ஹக் முன்னின்று வடிவமைத்த 1994-ஆம் ஆண்டு ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை வருமானம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதப் பாதுகாப்பு, சமூகம், அரசியல் ஆகிய ஏழையும் மனிதப் பாதுகாப்பின் கூறுகளாக வகுத்தது. போர் மூளாத இடத்திலும் மனிதர் பாதுகாப்பற்றுப் போகலாம் என்பது அதன் உட்பொருள். பின்னர் வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இதை மறந்துவிட்டுப் போரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தது.

2. புள்ளிவிவரங்களின் மோதல்

2009-இல் மார்ஷல் பர்க்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, சகாராவுக்குத் தெற்கே வெப்பமான ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் கூடுகிறது என்றது. 2030-க்குள் ஆயுத மோதல்கள் ஏறத்தாழ 54 சதவீதம் அதிகரிக்கலாம் என்றும் கணித்தது. அடுத்த ஆண்டே, அதே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில், நார்வே ஆய்வாளர் ஹால்வர்ட் புஹாக் மறுத்தெழுதினார். எத்தனை பேர் இறந்தால் ‘போர்’ என்னும் வரையறையைச் சற்று மாற்றினாலே அந்தத் தொடர்பு மறைந்துபோகிறது என்று காட்டினார். ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களை இனக்குழுக்களை அரசியலிலிருந்து விலக்கிவைத்தல், வறுமை, பனிப்போரின் முடிவு ஆகியவையே நன்கு விளக்குகின்றன என்பது அவர் முடிவு. 2013-இல் சாலமன் ஷியாங் குழு 60 ஆய்வுகளைத் தொகுத்து, தட்பவெப்ப விலகல் ஒரு திட்ட அளவு கூடும்போது குழுக்களுக்கிடையிலான மோதல் 14 சதவீதம் கூடுகிறது என்று அறிவித்தது. எந்த ஆய்வுகளை எடுத்தார்கள், எவற்றை விட்டார்கள் என்ற சர்ச்சை உடனே கிளம்பியது.

ஒருவரையொருவர் மறுத்துவந்த இந்த ஆய்வாளர்களையே ஒன்றாக உட்காரவைத்தது 2019-இல் நேச்சர் இதழில் வெளிவந்த காதரின் மாக் குழுவின் முயற்சி. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 11 பேரிடம் தனித்தனியே கருத்துக் கேட்டார்கள். கடந்த நூற்றாண்டின் ஆயுத மோதல் அபாயத்தில் காலநிலையின் பங்கு 3 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்றார்கள். பொருளாதாரப் பின்தங்கல், அரசின் திறனின்மை, குழுக்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு, அண்மைக்கால வன்முறை வரலாறு ஆகியவை அதைவிட வலுவான காரணங்கள் என்பதிலும் உடன்பட்டார்கள். 2022-இல் வெளிவந்த ஐ.பி.சி.சி. அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

இங்கே நிறுத்திக்கொண்டால் விவாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, இத்துறை எங்கே தேடியது என்பது. கோர்ட்லாண்ட் ஆடம்ஸும் சகாக்களும் 2018-இல் இவ்வாய்வுகளின் நிலவியலையே ஆராய்ந்தார்கள். காலநிலைக்கு மிகவும் ஆளாகும் நாடுகளை அல்ல, ஏற்கெனவே மோதல் நடக்கும் நாடுகளையும் ஆய்வாளர் எளிதில் போய்வரக்கூடிய பழைய பிரிட்டிஷ் காலனிகளையுமே அவை மொய்த்திருந்தன. தெருவிளக்கின் அடியில் மட்டும் சாவியைத் தேடியவரின் கதைதான். வறட்சி வந்தும் அமைதி குலையாத இடங்களைக் கணக்கில் எடுக்காமல் வறட்சிக்கும் போருக்கும் உள்ள உறவை எப்படி அளப்பது? இரண்டாவது, கடந்த நூற்றாண்டின் அளவு வரும் நூற்றாண்டுக்குப் பொருந்தாமல் போகலாம். உலக வெப்பநிலை 2 பாகை உயர்ந்தால் மோதல் அபாயம் கணிசமாகக் கூடும் வாய்ப்பு 13 சதவீதம், 4 பாகை உயர்ந்தால் 26 சதவீதம் என்று அதே 11 பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே ‘காலநிலைக்குப் பங்கில்லை’ என்று கையை உதறுவதும் அவசர முடிவே.

எண்களால் இதற்கு மேல் சொல்ல இயலவில்லை. ஊர்களுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

3. தார்ஃபூர்: மழை குறைந்த ஆண்டும் போர் தொடங்கிய ஆண்டும்

தார்ஃபூரின் வறட்சி கற்பனையல்ல. 1930-களிலிருந்து பாலைநிலத்தின் எல்லை 50 முதல் 200 கி.மீ. வரை தெற்கே நகர்ந்திருக்கிறது என ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2007 அறிக்கை மதிப்பிட்டது. மேய்ச்சல்காரர்கள் அளவுக்கு மீறி ஆடுமாடு மேய்த்து நிலத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம். ஆனால் சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேலில் மழை குறைந்ததற்குப் பெருங்கடல்களின் வெப்பநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்று 2003-இல் அலெஸாந்த்ரா ஜியானினி குழு காட்டியது. வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த தொழிற்சாலைகள் கக்கிய கந்தகத் துகள்களுக்கும் இதில் பங்குண்டு என்கிறார்கள் வேறு சிலர். மழையைக் கெடுத்தவர் ஒருவர், பழி சுமந்தவர் மற்றொருவர்.

ஆனால் காலவரிசை ‘காலநிலைப் போர்’ வாதத்துக்கு ஒத்துவரவில்லை. மைக்கேல் கெவேனும் லெஸ்லி கிரேயும் 2008-இல் தார்ஃபூரின் மழைப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். மழையின் அளவு 1970-களின் தொடக்கத்தில் ஒரே படியாக இறங்கியிருந்தது. அதன்பின் போர் தொடங்கிய 2003 வரையிலான முப்பது ஆண்டுகளில் மேலும் சரியவில்லை. படி இறங்கியதற்கும் போர் மூண்டதற்கும் இடையே ஒரு தலைமுறை கடந்திருக்கிறது. அந்தத் தலைமுறையில் என்ன நடந்தது?

1970-இல், பதிவு செய்யப்படாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது. தார்ஃபூரில் சுல்தான்கள் காலத்திலிருந்து நிலவிய ‘ஹாகூரா’ நில உரிமைக்குக் காகிதப் பதிவு ஏது? மறு ஆண்டு, அன்றைய சூடான் ஆட்சியாளர் நிமெய்ரியின் அரசு குலத்தலைவர்களின் நிர்வாகத்தைக் கலைத்தது. மேய்ச்சல்காரர் ஒட்டகம் ஓட்டிவரும் தடத்தையும், அறுவடை முடிந்த வயலில் எப்போது இறங்கலாம் என்பதையும் பேசித் தீர்த்துவைத்தவர்கள் அவர்கள்தாம். சரியாக மழை குறைந்த வேளையில், அந்தக் குறைவைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பை அரசே உடைத்தது. 1984-85 பஞ்சம் இந்த உடைந்த சமூகத்தின் மீதுதான் விழுந்தது. 1980-களில் சாட் போரின் வழியே லிபிய ஆயுதங்களும் வந்து சேர்ந்தன.

மானுடவியலாளர் அலெக்ஸ் டி வால் 1985-இல் வடக்குத் தார்ஃபூரில் ஷேக் ஹிலால் என்ற முதிய ஒட்டக மேய்ப்பர் தலைவரைச் சந்தித்ததைப் பின்னாளில் எழுதினார். விவசாயிகள் மேய்ச்சல் தடங்களை அடைக்கத் தொடங்கியிருந்த காலம். உலகின் முறைமையே குலைந்துவிட்டதாக அந்த முதியவர் வருந்தினார். அவர் மகன் மூசா ஹிலால்தான் பின்னர் ஜஞ்ஜவீத் எனப்படும் அரபு ஆயுதப் படையின் பெயர்பெற்ற தலைவரானார். காலநிலைவாதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பக் கதை கிடைக்காது. ஆனால் இடையில் ஒரு நிகழ்ச்சி உண்டு: சிறையிலிருந்த மூசா ஹிலாலை 2003-இல் விடுவித்து, கிளர்ச்சியை ஒடுக்க ஆள்திரட்டச் சொன்னது கார்ட்டூம் அரசு. வறட்சி அவரை வறியவராக்கியிருக்கலாம். அவர் கையில் படையைக் கொடுத்தது ஓர் ஆணை. பான் கி-மூனின் கட்டுரை வந்த அதே மாதத்தில் டி வாலே அவ்விளக்கத்தை விமர்சித்ததும் இதனால்தான்.

ஜஞ்ஜவீத்திலிருந்து உருவான அதிவிரைவு ஆதரவுப் படைக்கும் சூடான் இராணுவத்துக்கும் இடையே 2023 ஏப்ரல் 15-இல் மூண்ட போர் தார்ஃபூரை மீண்டும் எரித்தது. இம்முறை எந்த வறட்சியும் காரணமாகக் காட்டப்படவில்லை. இரு தளபதிகளின் அதிகாரப் போட்டி என்று எல்லாரும் தயக்கமின்றிச் சொல்கிறார்கள்.

4. சிரியா: ஒரு லிட்டர் டீசலின் விலை

2006-07 முதல் மூன்று நான்கு ஆண்டுகள் சிரியாவின் வடகிழக்கு, குறிப்பாக நாட்டின் கோதுமைக் களஞ்சியமான ஹசக்கா மாகாணம், கடும் வறட்சியில் சிக்கியது. 2008-இல் கோதுமை விளைச்சல் வழக்கமான அளவில் பாதியளவுக்குச் சரிந்தது. நெடுநாள் தன்னிறைவு பேசிய நாடு கோதுமை இறக்குமதி செய்தது. வறட்சியால் 13 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 8 லட்சம் பேர் வாழ்வாதாரத்தை ஏறக்குறைய முழுமையாக இழந்தார்கள் என்று 2009-இல் ஐ.நா. கணக்கிட்டது. 2011 மார்ச்சில் தெற்கே தரா நகரில் எழுச்சி வெடித்தது.

இவ்விரண்டையும் இணைத்துப் புகழ்பெற்றது 2015-இல் வெளிவந்த காலின் கெல்லி குழுவின் ஆய்வு. மனிதரால் ஏற்பட்ட காலநிலை மாற்றம் இத்தகைய வறட்சியின் வாய்ப்பை இரண்டு முதல் மூன்று மடங்கு கூட்டியது என்றும், சுமார் 15 லட்சம் பேர் நகரங்களுக்கு இடம்பெயர்ந்தார்கள் என்றும், அந்த நெரிசல் எழுச்சிக்குத் துணைபோனது என்றும் அது கூறியது. அதே ஆண்டில் ஒபாமா முதல் அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் வரை சிரியாவையும் வறட்சியையும் இணைத்துப் பேசினார்கள்.

2017-இல் ஜான் செல்பியும் மூன்று சகாக்களும் இச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தார்கள். 15 லட்சம் என்ற எண்ணுக்கு அடிப்படை வலுவாக இல்லை. அக்கால மதிப்பீடுகள் 40,000 முதல் 60,000 குடும்பங்கள் என்றே சொல்லின. குடும்பத்துக்கு ஆறு பேர் என்று வைத்தாலும் நான்கு லட்சத்தை எட்டாது. தராவில் முதலில் தெருவுக்கு வந்தவர்கள் வறட்சி அகதிகளும் அல்லர். அவர்கள் கேட்டவை நெருக்கடிநிலைச் சட்டத்தை நீக்குதல், கைதிகள் விடுதலை, ஊழல் ஒழிப்பு ஆகியவை. சுவரில் எழுதிய பள்ளிச் சிறுவர்களைக் காவலர்கள் சித்திரவதை செய்ததே பொறியானது. செல்பியின் கட்டுரை வெளியான இதழிலேயே கெல்லி தரப்பு மறுமொழி எழுதியது. எண்களைப் பொறுத்தவரை செல்பியின் பக்கமே வலுவானது என்பது என் கணிப்பு.

ஆனால் செல்பியின் வாதத்தோடு நின்றுவிட்டால் ஹசக்கா விவசாயி காணாமல் போய்விடுகிறார். போருக்கு அவர் காரணமில்லை என்று நிறுவப்பட்டுவிட்டது. அவருக்கு என்ன நேர்ந்தது? இதற்கு விடை தேட உதவுபவை ஃபிரான்செஸ்கா டி ஷாட்டெல் 2014-இல் எழுதிய கட்டுரையும், மர்வா தாவூதி 2020-இல் வெளியிட்ட நூலும்.

ஹசக்காவின் நீர் நெருக்கடி வறட்சிக்கு முன்பே தொடங்கியது. ‘கேந்திரப் பயிர்கள்’ என்று கோதுமையையும் பருத்தியையும் அரசு உயர்ந்த விலை கொடுத்து ஊக்குவித்தது. வறண்ட நிலத்தில் பருத்திக்கு நீர் எங்கிருந்து வரும்? நாடு முழுவதும் கிணறுகளின் எண்ணிக்கை 1999-இல் ஏறத்தாழ 1,35,000-ஆக இருந்து 2007-இல் 2,13,000-ஐத் தாண்டியது. அவற்றில் பெரும்பகுதி உரிமம் இல்லாதவை. உரிமத்துக்கான விதிகள் இருந்தன, கையூட்டும் இருந்தது. காபூர் ஆற்றுக்கு உயிரூட்டிய ராஸ் அல்-ஐன் ஊற்று 2000-களின் தொடக்கத்திலேயே கோடையில் வற்றத் தொடங்கிவிட்டது. இவ்வாறு நிலத்தடி நீர் அடிமட்டத்துக்கு இறங்கிய பின்புதான் வானமும் பொய்த்தது.

2008 மே மாதம், வறட்சியின் மிகக் கொடிய பருவத்தில், அரசு டீசல் மானியத்தை வெட்டியது. லிட்டர் 7 சிரிய பவுண்டாக இருந்த விலை ஒரே நாளில் 25 ஆனது. ஆழ்கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பு, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லாரி எல்லாம் ஓடியது டீசலில். மறு ஆண்டு உர மானியமும் போனது. தந்தை ஹாஃபிஸ் அல்-அசாதின் காலத்துச் சோசலிசத்திலிருந்து ‘சமூகச் சந்தைப் பொருளாதாரம்’ நோக்கி அதிபர் பஷார் நடத்திய பயணத்தின் கட்டணத்தை வடகிழக்கு செலுத்தியது. 2008 செப்டம்பரில் 49-ஆம் ஆணை வந்து, எல்லைப் பகுதிகளில் நிலம் விற்கவும் வாங்கவும் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது; நிலத்தை விற்றாவது கடனை அடைக்கலாம் என்ற கடைசி வழியும் அடைபட்டது. 1962-இல் ஒரு சிறப்புக் கணக்கெடுப்பின் வழியே சுமார் 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்ததும் இதே ஹசக்காவில்தான்.

இப்போது வறட்சியின் பங்கு என்ன, டீசலின் பங்கு என்ன என்று சதவீதம் பிரிக்க முடியுமா? முடியாது, பிரிக்கவும் வேண்டியதில்லை. அண்டை ஈராக், ஜோர்தான், துருக்கியின் தென்கிழக்கு ஆகியவற்றிலும் அதே ஆண்டுகளில் மழை குறைந்தது. அங்கே இவ்வகை எழுச்சி நிகழவில்லை. எல்லைக்கு இருபுறமும் வானம் ஒன்று, ஆணைகள் வேறு. காலநிலையைக் குற்றவாளியாக்குவது தன் தோல்வியைப் புறச்சக்திகள் மீது சுமத்த அசாத் அரசுக்கு உதவுகிறது என்று டி ஷாட்டெல் எச்சரித்தது நியாயமே.

5. எதிர்த்திசையிலும் ஓர் அம்பு

போர்தான் மக்களைக் காலநிலைக்கு இரையாக்குகிறது என்னும் எதிர்த்திசை உறவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏனோ அது குறைவாகவே பேசப்படுகிறது. 2023 செப்டம்பர் 10 இரவு டேனியல் புயல் லிபியாவின் தெர்னா நகரைத் தாக்கியது. மேலிருந்த இரு அணைகள் உடைந்து பல்லாயிரவரைக் கடலுக்குள் அடித்துச் சென்றன. அந்தப் பெருமழையின் வாய்ப்பைக் காலநிலை மாற்றம் 50 மடங்கு வரை கூட்டியிருக்கலாம் என உலக வானிலைக் காரணவியல் குழு கணித்தது. ஆனால் 1970-களில் கட்டிய அந்த அணைகளைப் பழுதுபார்க்கும் பணி 2011 போரோடு நின்றுபோயிருந்தது. பேரழிவு வரும் என்று லிபிய நீரியலாளர் ஒருவர் 2022-இல் ஆய்விதழிலேயே எச்சரித்திருந்தார். இரண்டு அரசுகள் இருந்த நாட்டில் அதைப் படிக்கப் பொறுப்பான அலுவலகம் இல்லை. 2024 ஜூலையில் 12 அதிகாரிகளுக்குத் தெர்னா நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

பேரிடர் எந்தப் பக்கமும் சாயலாம் என்பதற்கு 2004 ஆழிப்பேரலை சான்று. அது காலநிலையின் விளைவல்ல, நிலநடுக்கத்தின் விளைவு; ஆயினும் ஒரே இடர் இரு உள்நாட்டுப் போர்களைத் தாக்கிய அரிய நிகழ்வு என்பதால் இங்கே பொருந்துகிறது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் எட்டே மாதத்தில், 2005 ஆகஸ்ட் 15 அன்று, ஹெல்சிங்கி உடன்படிக்கை கையெழுத்தாகிப் போர் முடிந்தது. இலங்கையில் நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் இணைந்து நிர்வகிக்கும் ஒப்பந்தம் 2005 ஜூனில் கையெழுத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. கூட்டணி அரசிலிருந்து வெளியேறியது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு மீண்டும் முழுப்போர்.

6. மோதல் ஓரிடம், துயரம் வேறிடம்

நமக்கு அருகிலுள்ள காவிரி இன்னொரு பாடத்தைத் தருகிறது. 2016 செப்டம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குத் தண்ணீர் திறக்க உத்தரவிட்டது. 12-ஆம் தேதி அந்த உத்தரவு திருத்தப்பட்ட அன்று பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. 1991 டிசம்பர் கலவரமும் இப்படித்தான், நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி வெடித்தது. இரண்டிலும் வன்முறையின் நாளைத் தீர்மானித்தது மழைமானி அல்ல, ஆணை. வன்முறை நிகழ்ந்த இடமும் கழனி அல்ல, மாநகரம்.

2016-இன் உண்மையான வறட்சி கலவரம் ஓய்ந்த பிறகே வந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. டெல்டாவில் பயிர் கருகி விவசாயிகள் மாண்ட செய்திகள் அந்த மார்கழி முழுக்க வந்துகொண்டிருந்தன. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மார்ச்சில் விவசாயிகள் மண்டையோடுகளோடு தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஒரு பேருந்தும் எரியவில்லை. மோதல்களை எண்ணும் தரவுத்தளத்தில் செப்டம்பர் பதிவாகும், மார்கழி பதிவாகாது. மனிதப் பாதுகாப்பு என்னும் அளவுகோலால் பார்த்தால் மார்கழியே பெரிய நிகழ்ச்சி.

பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்பதற்கு எல்லாரும் ஏற்கும் கணக்கு நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பிலும் இல்லை, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இல்லை. 2023-இல் மீண்டும் அதே சச்சரவு. மழை மேலும் தாறுமாறாகும் காலத்தில் காவிரியின் ஆபத்து இந்த எழுதப்படாத கணக்கில்தான் இருக்கிறது.

7. யாருக்கு வசதி?

2021 டிசம்பர் 13-இல் காலநிலையைப் பாதுகாப்பு அவையின் நிரந்தர அக்கறைகளுள் ஒன்றாக்கும் தீர்மானத்தை அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்தன. 12 நாடுகள் ஆதரித்தன, இந்தியா எதிர்த்தது, சீனா நடுநிலை வகித்தது, ரஷ்யா தன் வெட்டுரிமையால் வீழ்த்தியது. காலநிலை பற்றிய பேச்சு எல்லா நாடுகளுக்கும் இடமுள்ள ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் அரங்கில் நடக்க வேண்டும், வளர்ந்த நாடுகளின் கடமையை இது மறைக்கும் என்பது இந்தியாவின் வாதம். அதில் பாதி சரி. காலநிலையைப் பாதுகாப்புப் பிரச்சினை ஆக்கினால், கரியமில வாயுவைக் கக்கியவர்கள் காவலர்களாகவும் நீரிழந்தவர்கள் அச்சுறுத்தலாகவும் மாறிவிடுகிறார்கள். முடிவில் எல்லைவேலிதான் உயரும். மற்றப் பாதியை இந்தியா சொல்லவில்லை: தன் எல்லைக்குள் கிணறு, மானியம், நதிநீர், நிலப்பதிவு பற்றிய முடிவுகளுக்கு எந்த அரசும் வெளியிலிருந்து கேள்வி வருவதை விரும்புவதில்லை.

வறட்சியையும் போரையும் இணைக்கும் அடுத்த ஆய்வு வரும்போது அதில் மழை அளவின் பட்டியலோடு ஆணைகளின் பட்டியலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான களம் இப்போதே காத்திருக்கிறது. 2024 டிசம்பர் 8-இல் அசாத் ஆட்சி வீழ்ந்தது. 2025-இல் சிரியாவை 36 ஆண்டுகளில் மிக மோசமான வறட்சி தாக்கியிருப்பதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அறிவித்தது. ஹசக்காவில் கோதுமை மறுபடியும் கருகியது. டீசல் விலையையும் கிணற்று உரிமத்தையும் நிலப்பதிவையும் தீர்மானிக்கும் பொறுப்பில் இப்போது இருப்பது வேறொரு அரசு.